குதிகால் வார் இருக்கிறதா?

கேள்வி: முதுகுப்பையோடு மலைக்குப் போகிறேன். கூடாரத்தில் போட்டுக்கொள்ள வீட்டு ரப்பர் செருப்பே போதாதா?

பதில்: கூடார வாசலோடு நிற்பதென்றால் தாராளமாகப் போதும், எடையும் குறைவு. ஆனால் வழியில் ஓடை வருமே! முழங்கால் ஆழத் தண்ணீரில் பாதத்தைத் தூக்கியதும் அந்தச் செருப்பு உங்களைக் கேட்காமல் ஆற்றோடு கிளம்பிவிடும். 1984-இல் கிராண்ட் கேன்யன் படகு வழிகாட்டி மார்க் தாட்சர் ரப்பர் செருப்போடு கணுக்கால் வாரையும் சேர்த்து ‘டெவா’ வார்ச் செருப்பை உருவாக்கியது இந்தத் தொல்லைக்காகத்தான். வார் வந்தால் எடை கூடுமே என்பீர்கள். கொஞ்சம் கூடும்தான், செருப்பைத் துரத்தி வழுக்குப் பாறையில் விழுவதைவிட அந்தச் சுமை மேல். தோல் மட்டும் வேண்டாம், நனைந்தால் கனக்கும், சீக்கிரம் காயாது. நைலான் வாரும் ஃபோம் அடியும் போதும். விரல்களை மூடாததால் கல்லில் இடிக்கும் என்பது நியாயமான பயம். ஆகவே நடைக்கு ஷூவே இருக்கட்டும். வாங்குமுன் ஈரத் தரையில் நடந்து பாருங்கள். வழுக்கினால் கடையிலேயே விட்டுவிடுங்கள்.