பருவுக்கு ஒரு பேக்கேஜ்

எண்பதுகளில் பாளையங்கோட்டையில் முகப்பருவை யாரும் வியாதியாக மதித்ததில்லை. "கல்யாணம் ஆனா சரியாப் போயிரும்லே" என்று ஆச்சி பள்ளிக்கூடத்துப் பையனான எனக்கு வைத்தியம் சொன்னாள். அதுவரைக்கும் ஜாதிக்காயையும் சந்தனத்தையும் பாலில் இழைத்துப் பூச வேண்டும். காலையில் தலையணை மணக்கும். பரு இருந்த இடத்திலேயே இருக்கும். அப்பா கடலை மிட்டாய் மேல் பழி போட்டார். சித்தப்பாவுக்கு வேறொரு காரணம் தெரிந்திருந்தது, ஆனால் அதை அவர் அப்பா முன்னால் சொல்லவில்லை.

டாக்டரிடம் போகலாமென்றால் போர்டு குறுக்கே நின்றது. 'தோல், பால்வினை நோய், தொழுநோய் நிபுணர்.' மூன்றுக்கும் சேர்த்து ஒரே மேற்படிப்பு என்பதால் டாக்டரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், மாடிப்படி ஏறுகிற பையன் மூன்றில் எதற்காக ஏறுகிறான் என்று கீழே டீ குடிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? கரண்ட் போன சமயம் பார்த்து ஏறினேன். நான் பெஞ்சில் உட்காரவும் பாழாய்ப்போன கரண்ட் வந்துவிட்டது. எதிரே இருந்தவர்கள் எல்லாரும் தினத்தந்தியை முகத்துக்கு நேராகத் தூக்கினார்கள். ஒன்று தலைகீழாக இருந்தது. அதற்குப் பின்னால் எங்கள் கணக்கு சார். அன்றைக்கு அவருக்கு நான் வணக்கம் சொல்லாதது அவருக்குப் பெரிய நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "கிள்ளாத. மூணு மாசம் பொறு." ஒரு பென்சாயில் பெராக்சைடு ட்யூப் எழுதினார். அவ்வளவுதான். பரு அசையுமுன்பே அந்தக் களிம்பு பட்ட இடமெல்லாம் என் நீலத் துண்டு வெளுத்துவிட்டது.

இப்போது கல்லூரிக்குப் போகும் மகளுக்குப் பரு. வண்ணார்பேட்டையில் கண்ணாடிக் கட்டடத்தில் கிளினிக். போர்டில் பால்வினையும் தொழுநோயும் போய், 'ஸ்கின், ஹேர், லேசர்' வந்திருக்கிறது. அவள் உட்கார்ந்த கையோடு தோழிகளுக்கு லொகேஷன் அனுப்பினாள். வெள்ளை விளக்கின் கீழ் முன்பக்கம், இடம், வலம் என்று போட்டோ எடுத்தார்கள். அப்புறம் கவுன்சலர் என்றொரு பெண். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே பீல், லேசர் எல்லாம் சேர்ந்த பேக்கேஜை விளக்கினார். இஎம்ஐ உண்டு. பேச்சினூடே என் கன்னத்தை உற்றுப் பார்த்து, "அங்கிள், இந்தக் குழிக்கும் நம்மகிட்ட மைக்ரோநீட்லிங் இருக்கு" என்றார். ஆச்சியின் ஜாதிக்காய்க்குத் தப்பிப் பிழைத்த பருக்கள் விட்டுப்போன குழிகள் அவை. யோசிக்கிறேன் என்றேன்.

உள்ளே இருந்த இளம் டாக்டர் முதலில் கேட்டது, "மெடிக்கல்ல கேட்டு ஏதாவது க்ரீம் போட்டியாம்மா?" போட்டிருந்தாள். அதில் ஸ்டீராய்டு இருந்தது. கொஞ்ச நாள் முகம் பளபளத்து, பிறகு பரு இரட்டிப்பாகக் கிளம்பிய கதை அப்போதுதான் விளங்கியது. இந்தக் களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று அரசு 2018-லேயே சட்டத்தை இறுக்கியாயிற்று. சட்டம் சீட்டு கேட்கிறது, கடைக்காரர்தான் கேட்பதில்லை.

அந்தக் க்ரீமை நிறுத்தச் சொன்னார் டாக்டர். ராத்திரி பட்டாணி அளவு அடாபலின், காலையில் சன்ஸ்க்ரீன். முதலில் தோல் உரியும், பரு கூடினாற்போலக்கூட இருக்கும், விட்டுவிடக் கூடாது, 12 வாரம் பொறுக்க வேண்டும். ஐசோட்ரெடினாயின் மாத்திரையைப் பற்றி மகள் எங்கோ படித்துவிட்டுக் கேட்டாள். கர்ப்பத்தில் சிசுவைக் கடுமையாகப் பாதிக்கும் மருந்து அது, ரத்தப் பரிசோதனை இல்லாமல் தொடக்கூடாது, உனக்கு இப்போது அவசியமும் இல்லை என்றார். சீட்டின் கடைசியில் இன்னொரு மருந்தையும் எழுதினார்: பென்சாயில் பெராக்சைடு. துண்டு வெளுக்கும் என்று நானே மகளிடம் சொன்னேன். டாக்டர் என்னை மரியாதையோடு பார்த்தார்.

"அந்தப் பேக்கேஜ்?"

கதவைப் பார்த்துக்கொண்டு, "இப்போதைக்கு வேண்டாம் சார்" என்றார், ரகசியம்போல.

மருந்துக்கு ஆன செலவு, கட்டடத்தின் ஏசிக்குக்கூடக் காணாது. முகம் தெளிந்தபின், 'முன்–பின்' போட்டோவை விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாமா என்று கவுன்சலர் கேட்டார். பெண்பிள்ளை படமாயிற்றே என்று நான் இழுத்தேன். மகள் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "முன் ஓகே. பின் மட்டும் இன்னொண்ணு எடுத்துக்கலாமா, முடி சரியில்ல" என்றாள்.