தட்டு நகர்ந்தது, கவ்வி நின்றது

ஆர்.கே.பேட்டை விசைத்தறித் தெருக்களில் ஓடும் பழைய சைக்கிளில், பின்சக்கரத்து அச்சு நீளமான ஒரு காடிக்குள் உட்கார்ந்திருக்கும். செயின் தொங்கினால் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, மறுபடி முறுக்க வேண்டியதுதான். மெக்கானிக் அண்ணன் அரசியல் பேசிக்கொண்டே முடித்துவிடுவார். அரசியல்தான் முடியாது.

இப்போது முன்னேற்றம் வந்திருக்கிறது. கியரெல்லாம் ஹப்புக்குள் போய்விட்டது. மழை, தூசி அண்டாது. ஆனால் செயினின் தொய்வை வாங்க வெளியே ஆளில்லை, அதனால் திரும்பவும் அதே காடி. கூடவே டிஸ்க் பிரேக்கும் மாட்டுகிறார்கள். செயினை இறுக்கச் சக்கரத்தை இழுத்தால் டிஸ்க் தட்டு கூடவே நகர்கிறது; அதைக் கவ்வ வேண்டிய காலிப்பரோ ஃபிரேமைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறது. என்ன செய்தார்கள்? காலிப்பரையும் சுமந்து நகரும் தனிக் காடி செய்தார்கள். மருமகன் வீடு மாறினால் மாமியாரும் கட்டிலோடு கிளம்புவதுபோல. அதற்குத் தனி போல்ட், தனி அலன் கீ, தனி விலை.

உள் கியர் புதுச் சரக்குமல்ல. இங்கிலாந்தின் ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று வேக ஹப்புக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. 1960-ல் தாய் நிறுவனமான ராலேயோடு சேர்ந்து அதுவும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸிடம் வந்தது. அதே நிறுவனம் 1949-லேயே முருகப்பா குடும்பத்தோடு கைகோத்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியிருந்தது, அம்பத்தூரில் ஆலை. அங்கிருந்து நம் தெருவுக்கு வந்ததென்னவோ பெரும்பாலும் ஒற்றை வேக ஹெர்குலிஸ்தான். மேடு வந்தால் இறங்கித் தள்ளுவது இரண்டாவது கியர். டிராக்டரின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்வது மூன்றாவது.