காத்து வாங்குறவன்

ஆடி மாதத்தில் இலத்தூரிலிருந்து செங்கோட்டைக்குச் சைக்கிள் மிதித்திருந்தால், நான் சொல்ல வருவது உங்களுக்கு உடனே புரியும். மலைக்கு அந்தப் பக்கம் பெய்கிற மழையின் ஈரத்தை அள்ளிக்கொண்டு ஆரியங்காவுக் கணவாய்க்குள் நுழைகிற காற்று, செங்கோட்டையைத் தாண்டியதும் தடுப்பார் இல்லாமல் வயல்மேல் ஓடிவந்து, நேராக நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். மிதித்துக்கொண்டே இருப்போம், பக்கத்துப் பனைமரம் நகராது. அப்போதுதான் யாராவது ஒருவர் நமக்கு முன்னால் போகமாட்டாரா என்று மனம் ஏங்கும். போனால், அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு சிறிய அறை திறந்ததுபோல் இருக்கும். காற்று இரண்டு பக்கமும் விலகி ஓட, மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். அப்படி முன்னால் போகிறவனுக்கு எங்கள் கூட்டத்தில் ஒரு பெயர் இருந்தது: காத்து வாங்குறவன்.

ஆற்றங்கரைக்கும் குளத்தங்கரைக்கும் போய்ச் சுகமாகக் காற்று வாங்குகிற ஊரில் அந்தச் சொல்லை இப்படித் திருப்பிப் போட்டவர் என் அத்தை மகன், எனக்கு அத்தான். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். நான் எட்டாம் வகுப்பு படித்த அந்த எண்பதுகளின் தொடக்கத்தில், சைக்கிளைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நம்பினேன். இன்றும் அந்த நம்பிக்கை குறையவில்லை.

சொந்த சைக்கிள் வீட்டுக்கு ஒன்று என்பதெல்லாம் அப்போது கிடையாது. வாடகை சைக்கிள்தான். மட்கார்டில் வெள்ளைப் பெயின்ட்டில் எண் எழுதிய வண்டிகள் கடைவாசலில் சாய்ந்து நிற்க, அண்ணாச்சி நீள நோட்டில் நம் பெயரையும் மணியையும் குறித்துக்கொண்டு, டயரை ஒருமுறை கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுத் தருவார். ஏழாம் நம்பர் வண்டிக்குச் செயின் இறுக்கம், மூன்றாம் நம்பருக்கு சீட் ஆடும் என்று ஒவ்வொன்றின் குணமும் எங்களுக்கு மனப்பாடம். குரங்குப் பெடல் போட்டுப் பழகி, பாருக்கு மேல் கால் எட்டிய நாளை என் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். நல்ல வண்டிக்காக விடியற்காலையில் போய்க் கடைவாசலில் உட்கார்ந்திருந்த அந்தக் காத்திருப்பின் இன்பம், கடைகளோடு சேர்ந்து போய்விட்டது.

சுதந்திர தினத்தன்று ஊரில் சைக்கிள் போட்டி வைப்பார்கள். இலத்தூரில் புறப்பட்டு, செங்கோட்டை போய், அங்கிருந்து குற்றாலம், குற்றாலத்திலிருந்து தென்காசி வழியாக மறுபடி இலத்தூர். வழியில் மூன்று இடங்களில் ஆள் நிறுத்தி, வந்து போனதற்கு அடையாளமாகக் கையில் ரப்பர் ஸ்டாம்ப் குத்துவார்கள். ஒருவருக்குத்தான் பரிசு, ஒரு எவர்சில்வர் குடம். பக்கத்து ஆய்க்குடியிலிருந்து வருகிற பையன்கள்தான் எங்களுக்கு எப்போதும் எதிரணி. பலசாலிகள், ஆனால் ஆளுக்கொரு பக்கமாக, அவரவர் வெற்றிக்காக மிதிப்பார்கள். அத்தான் அதைக் கவனித்திருந்தார். "நாலு பேரும் செயிக்க நெனச்சா நாலு பேரும் தோப்போம் மாப்ளே" என்று முந்தின நாள் இரவு குளத்துக் கரையில் வைத்து எங்களிடம் சொன்னார்.

அவர் போட்ட திட்டம் இதுதான். செங்கோட்டை வரை எதிர்காற்று, ஆகவே நாங்கள் மூவர் மாறி மாறிக் காத்து வாங்க, அவர் பின்னால் ஒதுங்கி வருவார். செங்கோட்டையில் தெற்கே திரும்பியதும் காற்று வலப்பக்கத்திலிருந்து அடிக்கும். அங்கே ஒருவர் பின் ஒருவர் போனால் பயனில்லை. முதல் ஆள் சாலையின் வலது ஓரத்தில் போக, அடுத்தவர் சற்றுப் பின்னே இடப்பக்கம், அவருக்கும் பின்னே இடப்பக்கம் இன்னொருவர் என்று சாலைக்குக் குறுக்கே சாய்கோடாக நிற்கவேண்டும். நாலு பேரில் சாலை நிறைந்துவிடும். பின்னால் வருகிறவனுக்கு ஒதுங்க நிழல் கிடைக்காது. இடது ஓரத்துச் சரளையில் முழுக் காற்றையும் தனியாக வாங்கிக்கொண்டு வரவேண்டியதுதான். அந்தக் காலத்தில் சாலையை அப்படி அடைத்துக்கொண்டு போக முடிந்தது. எதிரே எப்போதாவது ஒரு மரம் ஏற்றிய லாரி வரும், ஒதுங்குவோம், மறுபடி கோடு போடுவோம்.

ஐரோப்பாவின் பந்தயங்களில், கடலோரச் சமவெளியில் பக்கக்காற்று அடிக்கிற நாளில், பெரிய அணிகள் செய்வது அச்சு அசலாக இதே காரியம் என்று எனக்குத் தெரியவந்தது நாற்பது வயதுக்கு மேல், தொலைக்காட்சியில் டூர் டி பிரான்ஸ் பார்க்கத் தொடங்கிய பிறகு. முன்னவர் முதுகின் மறைவில் போனால் மிதிக்கும் உழைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் அணியிலும் ஒரு தலைவர்; மற்றவர்கள் அவருக்காக மூன்று வாரம் காற்றை வாங்கி, தண்ணீர் பாட்டில் சுமந்து, எதிரணி பாய்ந்தால் துரத்திப் பிடிக்கிறவர்கள். அவர்களைப் பிரெஞ்சில் அழைக்கும் சொல்லுக்கு வீட்டு வேலைக்காரன் என்று பொருள். அத்தான் வைத்த பெயர் அதைவிட மரியாதையானது.

போட்டிக்கு வருகிறேன். திட்டம் பலித்தது. எங்கள் இரண்டு பேர் வழியில் களைத்து நின்றுவிட, குற்றாலத்தில் ஸ்டாம்ப் வாங்கித் திரும்பும்போது முன்னால் அத்தான், ஒட்டினாற்போல் நான், சற்றுப் பின்னால் ஆய்க்குடிப் பையன் ஒருவன். இனிமேல் பின்காற்று. சாரல் முகத்தில் அடிக்காமல் முதுகில் அடித்தது. அன்றைக்கு என் கால்களில் இருந்த பலம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அத்தானையே முந்திவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அந்த நேரத்தில்தான் அத்தானின் முன்சக்கரம் 'புஸ்' என்றது.

அவர் என்னைக் கேட்கவில்லை. இறங்கி நின்று பார்த்தார், அவ்வளவுதான். நான் இறங்கி என் வண்டியை நீட்டினேன். அவர் ஏறிப் போனார். ஓடைப் பாலத்தின் கட்டைச்சுவரில், பஞ்சரான சைக்கிளை மடியில் சாய்த்துக்கொண்டு, சாரலில் உட்கார்ந்து அழுதேன். மழையானதால் யாருக்கும் தெரிந்திருக்காது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய புகைப்படத்தைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. 1934 டூர் டி பிரான்ஸ். பிரெனீஸ் மலைச்சாலையின் கல்சுவரில், ஒரு சக்கரம் இல்லாத சைக்கிளோடு இருபது வயதுப் பையன் உட்கார்ந்து அழுகிறான். ரெனே வியெத்தோ, கான் நகரத்து ஹோட்டலில் எடுபிடி வேலை பார்த்தவன். அப்போது நாட்டுக்கு ஓர் அணி என்பது முறை. பிரெஞ்சு அணியின் தலைவர் அந்தோனின் மாஞின் சக்கரம் உடைந்தபோது, தன் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மாற்றுச் சக்கரத்தோடு வரும் வண்டிக்காகக் காத்திருந்தான். மறுநாளும் மாஞுக்கு வண்டி கெட்டது. முன்னால் போய்விட்ட வியெத்தோ, வந்த மலைப்பாதையிலேயே திரும்பிப் போய்த் தன் சைக்கிளைக் கொடுத்தான். மாஞ் பட்டம் வென்றார். வியெத்தோவுக்கு ஐந்தாம் இடமும் மலையேற்றப் பரிசும். பிறகு எத்தனையோ முறை முயன்றும் அவன் டூரை வெல்லவே இல்லை.

இதற்கு நேர்மாறான கதையும் அந்தப் பந்தயத்தில் உண்டு. 1985-இல் ஐந்தாம் முறையாக வென்ற பெர்னார் இனோ, தனக்குத் துணைநின்ற அணித்தோழர் கிரெக் லெமாண்டிடம், அடுத்த ஆண்டு உனக்கு நான் உதவுவேன் என்று வாக்குக் கொடுத்தார். அடுத்த ஆண்டு மலையில் அவரே பாய்ந்து முன்னேறினார். ஒரே நிறச் சட்டைக்குள் நடந்த அந்தப் போட்டியில் கடைசியில் லெமாண்ட்தான் வென்றார். ஆனால் எதிரணியிடம் படாத காயத்தை அவர் சொந்த அணியில் பட்டார் என்றே நான் நினைக்கிறேன்.

இன்று அணிக்காரில் கூரை நிறைய மாற்றுச் சைக்கிள்கள் வருகின்றன. சக்கரம் பழுதானால் சில நொடிகளில் வேறு வண்டி. காதுக்குள் ரேடியோவில் எப்போது பாய்வது, எப்போது பொறுப்பது என்று காரிலிருந்து சொல்கிறார்கள். கால் எவ்வளவு விசை கொடுக்கிறது என்பதைக் கைப்பிடியில் உள்ள கருவி காட்டுகிறது. நல்லதுதான், தலைக்கவசம் இன்னும் நல்லது. குளத்துக்கரை இருட்டில் ஒருவர் காற்றின் திசையைக் கையால் காட்டித் திட்டம் சொல்ல, மூன்று பேர் மூச்சடக்கிக் கேட்ட அந்த இரவுதான் அதில் இல்லை.

நம் நாட்டிலும் பந்தயம் வளர்கிறது. பம்பாய்–புணே சைக்கிள் பந்தயம் 1945-லேயே தொடங்கியது. போர்காட் மலையில் முந்துகிறவனை மலைக்கணவாயின் ராஜா என்று மராத்தியர்கள் கொண்டாடுவார்கள். 2008 முதல் நீலகிரியில் பல நாள் சைக்கிள் பயணம் நடக்கிறது. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் அவர்கள் படும் பாட்டைப் பார்க்கவேண்டும். 2026 ஜனவரியில் புணேயில் ஐந்து நாள், வெளிநாட்டு அணிகள் திரண்ட சர்வதேசப் பந்தயமே நடந்துவிட்டது.

எங்கள் பக்கம்? பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் தருகிறது, வாடகைக் கடை போய்விட்டது, சாலை அகன்று வாகனம் பெருகிவிட்டது. சுரண்டை, ஆலங்குளம் பக்கமெல்லாம் இப்போது காத்து வாங்குவது காற்றாலைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூரிலிருந்து கார்பன் சைக்கிளில் சிலர் குற்றாலம் வருகிறார்கள். நின்று பார்ப்பேன். அவர்களும் ஒருவர் பின் ஒருவராக ஒதுங்கித்தான் வருகிறார்கள்.

அத்தான் அன்று ஒரு சக்கர நீளத்தில் ஜெயித்தார். குடத்தைத் தூக்கிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, "அத்தை, இது மாப்ளே செயிச்ச குடம்" என்று என் அம்மாவிடம் கொடுத்தார். ராத்திரி எங்கள் மூன்று பேரையும் பிரானூர் பார்டருக்குக் கூட்டிப்போய்ப் புரோட்டா வாங்கித் தந்தார். டூர் டி பிரான்ஸில் வெல்கிறவர் பரிசுப் பணத்தை அணியினருக்குப் பங்கிட்டுக் கொடுப்பது நெடுநாள் வழக்கம் என்று பிறகு படித்தேன். அத்தானுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. அந்தக் குடத்தில்தான் இன்றும் எங்கள் வீட்டில் குடிதண்ணீர் பிடிக்கிறோம்.

தென்காசி இப்போது தனி மாவட்டம். சாரல் விழா நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஆடியில் ஒரு நாள், காலையில் மூன்று மணி நேரம் போக்குவரத்தை நிறுத்தி, இலத்தூர், செங்கோட்டை, குற்றாலம், தென்காசி என்ற அந்தச் சுற்றில் பிள்ளைகளுக்கு ஒரு சைக்கிள் போட்டி வையுங்கள். அணிக்கு நாலு பேர் வைத்து, ஜெயிக்கிற அணிக்கு நாலு குடம் கொடுங்கள்.