அண்ணாச்சியின் பெல்ட்

பழைய சான்ட்ரோ வாங்கிய நம்ம அண்ணாச்சியின் சிக்கனம் பாராட்டுக்குரியது. சீட் கவருக்கும், பின்கண்ணாடியில் குலசாமி பெயருக்கும் அவர் கணக்குப் பார்க்கவில்லை. டைமிங் பெல்ட்டுக்கு மட்டும் வண்ணார்பேட்டை தொடங்கி பாளையங்கோட்டை வரை விலை விசாரித்தார். ஒரிஜினல் எதற்கு? அட்டைப்பெட்டியில் ஹோலோகிராம் மின்னினால் போதாதா? டென்ஷனரையும் சேர்த்து மாற்றச் சொன்னார் மெக்கானிக். "அது நல்லாத்தானவே சுத்துது!" பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை முட்டி வளைத்துவிடுமாம். தொழில் அப்படிப் பேசவைக்கிறது, பாவம். 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையில் பிறந்த வம்சம் சான்ட்ரோ. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் நசுக்கி, பாபநாசம் கோயிலில் பூஜையும் போட்டாயிற்று. இதற்கு மேல் ரப்பர் பட்டையா காப்பாற்றப் போகிறது?

இப்போது வண்டி விற்பனைக்கு வந்திருக்கிறது. விளம்பரத்தில் முதல் வரி: "இன்ஜின் வேலை புத்தம்புதுசா பார்த்தது." அதற்காகவே ஐயாயிரம் கூடுதலாம்.