பேட்டரியை மூன்று முறை மாற்றுவது எப்படி?

தேவையான பொருட்கள்: பழைய டீசல் பிக்கப் ஒன்று, ஆம்பூர் தோல் மண்டி வாடகை, கருத்துச் சொல்ல ஆறு பேர். ஸ்பானரும் வேண்டும், ஆனால் கடைசிவரை அது சீட்டுக்கு அடியிலேயே கிடக்கட்டும். என் வண்டியின் நம்பர் பலகையில் இன்னும் வேலூரின் டி.என். 23 தான். 2019 நவம்பர் 28-இல் திருப்பத்தூர் தனி மாவட்டம் ஆன சேதி அதுவரை போய்ச் சேரவில்லை.

விடியற்காலை செல்ஃப் அடித்தால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். உடனே பானெட்டைத் திறந்துவிடாதீர்கள். டீக்கடைப் பக்கம் பரிதாபமாகப் பாருங்கள். "பேட்டரி செத்துப்போச்சுண்ணே" என்று ஒருவர் வருவார். வண்டியைத் தள்ளப்போவதும் அவர்தான், மறுத்துப் பேசாதீர்கள். பழைய டீசல் எஞ்சினில் டீசல் பம்ப் மெக்கானிக்கல். தள்ளினால் உயிர் வந்துவிடும், அப்புறம் கரண்ட் இல்லாமலேகூட ஓடும். இந்த வசதி இருப்பதால்தான் சீக்கை மாசக்கணக்கில் வளர்க்க முடிகிறது.

புது பேட்டரி போடுங்கள். நாலு நாள் குதிரை மாதிரி ஓடும். கடைக்காரர் ஏற்றிக் கொடுத்த சார்ஜ் அது. ஐந்தாம் நாள் டாஷ்போர்டில் பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு மினுக்கும். "அந்த பல்பைப் பிடுங்கிப் போடு, நிம்மதி" என்பார் இரண்டாமவர். பல பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டரை எழுப்புகிற முதல் கரண்டே அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. பிடுங்கினால் ஏறுகிற கொஞ்ச நஞ்ச சார்ஜும் நிற்கும். எனவே அருமையான யோசனை.

மூன்றாமவர் 'டைனமோ' நிபுணர். 1960-லேயே அமெரிக்காவின் வேலியன்ட் கார் டைனமோவை விட்டு ஆல்டர்னேட்டரோடு வந்துவிட்டது. நம் வாய்தான் மாறவில்லை. வண்டி ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றச் சொல்வார். எஞ்சின் அணைந்தால் டைனமோ அவுட்டாம். டீசல் எஞ்சின் எப்படியும் அணையாது, ஆகவே இந்தப் பரீட்சையில் எல்லோரும் பாஸ். அந்த நொடியில் எகிறும் வோல்டேஜில் டயோடு மட்டும் ஃபெயில்.

இரண்டாவது பேட்டரியோடு ராத்திரி ஏலகிரி ஏறிப் பாருங்கள். பதினான்கு கொண்டை ஊசி வளைவு, புலவர்கள், வள்ளல்கள் பெயரில். ஹெட்லைட் அகல் விளக்காகச் சுருங்கியிருக்கும். பாரி வளைவு வந்ததும், முல்லைக்கொடி ஏதாவது தென்பட்டால் வண்டியைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டலாமா என்று தோன்றும்.

மூன்றாவது பேட்டரியும் படுத்த பிறகுதான் திருப்பத்தூரில் ஒரு வயரிங் பட்டறைக்குப் போனேன். இந்தத் தப்பை நீங்கள் சீக்கிரம் செய்துவிடாதீர்கள், டீக்கடை நட்பு கெட்டுவிடும். பட்டறைப் பெரியவர் முதலில் எதையும் கழற்றவில்லை. பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினார். அரை அங்குலம் இறங்கியது, சரி என்றார். எஞ்சின் ஓட, ஆல்டர்னேட்டரிலேயே மீட்டரை வைத்தார்: 14.2 வோல்ட். பேட்டரியில் வைத்தார்: 12.7. பிறகு ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் உடம்பிலும் வைத்தார். அரை வோல்ட்கூட இருக்கக்கூடாத இடத்தில் 1.4.

"என்ன லோடு அடிக்கிறே?"

"உப்புத் தோல்ங்க ஐயா."

தலையை ஆட்டியபடி வண்டிக்கு அடியில் போனார். தோலிலிருந்து கசியும் உப்புத் தண்ணீர் பலகை இடுக்கில் சொட்டி, பிரேக் அடிக்கும்போதெல்லாம் சேஸிஸ் வழியே முன்னால் ஓடிவருமாம். எர்த் வயர் மாட்டியிருந்த போல்ட்டைச் சுற்றி வடையளவுக்குத் துரு. அதன்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. கழற்றி, சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு உப்புத்தாள் எடுத்து, இரும்பு பளபளக்கத் தேய்த்தார். உப்பு தின்றதை உப்புத்தாளால் எடுக்கிறாரே என்று நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. மாட்டி இறுக்கினார். பேட்டரியில் 14.1. கூலி ஐம்பது ரூபாய்.

"மேலே கிரீஸ் தடவிடு. தார்ப்பாயை லோடுக்கு அடியிலயும் விரி."

எல்லோரும் மேலேதானே மூடுவார்கள் என்று நான் கேட்பதற்குள் போன் அடித்தது. மண்டியிலிருந்து. சாயங்காலம் லோடு இருக்கிறதாம், பச்சைத் தோல், உப்பு கொஞ்சம் கூடுதலாகவே போட்டிருக்கிறார்களாம்.