பொருளற்ற காதலின் பொருள்: ஹேவாஹெட்ட பஸ்ஸை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுக் களம் இலங்கை மலைநாட்டின் ஹேவாஹெட்ட பஸ். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துர தோட்டம் இந்தப் பக்கந்தான். தேயிலை கப்பலேறிப் போனது. காதல் பாட்டு பஸ்ஸேறி வந்தது. வளைவுக்கு வளைவு சனம் ஒருபக்கம் சாய, தலைக்கு மேலே ஸ்பீக்கரில் ஒருவன் காதலிக்காக உயிரை விட்டுக்கொண்டே இருப்பான். நாம் இறங்கும்வரை சாகமாட்டான்.

ஆய்வுப் பொருள், 'தமிழ்ப் படம்' (2010) தந்த 'ஓ மகசீயா'. இயக்கம் சி.எஸ்.அமுதன், இசை கண்ணன். தமிழ் சினிமாவைக் கேலி செய்யவே எடுத்த படத்தில், காதல் டூயட்டைக் கேலி செய்யவே போட்ட பாட்டு. 'நாக்க முக்க', 'ரண்டக்க ரண்டக்க' என முந்தைய வெற்றிப் பாடல்கள் வாரியிறைத்த சத்தங்களைப் பொறுக்கி மெல்லிய மெட்டில் கோத்திருக்கிறார்கள்.

தொல்காப்பியர் இடையியலில் இசைநிறை, அசைநிலை என்று இத்தகைய பொருளற்ற சொற்களுக்கு இடம் கொடுத்திருக்கிறார். ஒன்றிரண்டு வந்துபோகும் என்று நினைத்திருப்பார். குடும்பத்தோடு வந்து குடியேறும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார். 'அற்றேல், பொருளின்றிக் காதல் பிறக்குமோ எனின், பிறக்கும் என்க' என்று உரையாசிரியர் எவராவது இதற்கு விடை எழுதியிருக்க வேண்டும்.

ஏனென்றால் பிறந்துவிட்டது, சிக்கலும் அதுதான். கரகரத்த குரலில் யாராவது கத்தியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். பாடியவரோ ஹரிஹரன். 'பம்பாய்' (1995) படத்தில் 'உயிரே' என்று உருகிய அதே குரல், அதே உருக்கம், சல்லிக்காசு தள்ளுபடியில்லை. உடன் பாடியவர் ஸ்வேதா மோகன். 'ரோஜா'வில் 'புது வெள்ளை மழை' பாடிய சுஜாதாவின் மகள். தாய் வளர்த்த மரபை மகள் கேலி செய்யப்போய், அதுவும் நல்ல காதல் பாட்டாகவே முடிந்துவிட்டது.

இப்படிக் கேலி காதலாக முடிவது புதிதல்ல. அமெரிக்காவில் ஃபிராங்க் ஸாப்பாவின் ரொக் குழு 1968இல் பழைய காதல் பாட்டுகளைப் போலவே பாடிப் பகடி இசைத்தட்டு ஒன்று வெளியிட்டது. அதிலும் நையாண்டி எது, பாசம் எது என்று பிரிப்பது கடினம். நம்மூர் நித்தி கனகரத்தினம் இவர்களைவிடக் கெட்டிக்காரர். 'சின்ன மாமியே' பொப் பாட்டில் காதலியை விட்டுவிட்டு அவளுடைய அம்மாவிடமே நேராக விசாரித்தார். காதல் இலக்கியத்தில் அத்தகைய நடைமுறை அறிவு அரிது.

ஆய்வின் முடிவு: காதல் பாட்டின் சொல்லைக் கேட்டு உருகியவர் எவருமில்லை. ஏற்றத்தில் எஞ்சின் முனகும்போது 'உயிரே'யும் 'மகசீயா'வும் ஒரே பாட்டுதான். கண்டக்டர் தம்பிக்கு ஒரு விண்ணப்பம்: இரண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள், இடையில் ஹோர்ன் மட்டும் அடிக்க வேண்டாம்.