நேரத்துக்கு வந்த மெட்ராஸ் மெயில்

நாம் நடமாடிய காலத்தைச் சரித்திரப் படமாக எடுத்து வெளியிட்டுவிட்டார்கள் என்றால், நமக்கு வயசாகிவிட்டது என்பதற்கு வேறு சான்றிதழ் வேண்டாம். கங்கனா ரனாவத் இந்திரா காந்தியாக நடித்துத் தானே இயக்கிய 'எமர்ஜென்சி' 2025 ஜனவரியில் வெளியானது. முந்தைய செப்டம்பரிலேயே வரவேண்டியது, தணிக்கைச் சான்றிதழ் கிடைக்காமல் நின்றது. அந்தத் தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான விளம்பரத்தை யாராலும் செய்திருக்க முடியாது.

ஹவுராவில் எங்கள் ஃபிளாட்டில், டிவியில்தான் பார்த்தோம். நான், மனைவி, கல்லூரியில் அரசியல் படிக்கும் பேத்தி, பக்கத்து ஃபிளாட் வங்காளி தாதா. ரிமோட்டை தாதாவிடம் கொடுத்தது யார் என்பதை, எமர்ஜென்சி அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷனையே வைத்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

1971 போர் வந்தது. திரையில் ராணுவத் தளபதி மானெக்‌ஷா வந்ததும் தாதா படத்தை நிறுத்தினார். "டாக்காவைப் பிடித்த போரை நடத்தியது எங்கள் ஃபோர்ட் வில்லியம். அங்கே இருந்த ஜெனரல் ஜேக்கப் கல்கத்தாவில் பிறந்தவர். அவர் எங்கே?" பேத்தி ரிமோட்டைக் கேட்டாள். அதற்குள் தாதா டிசம்பர் இருட்டடிப்பில் தெருவிளக்குக்குத் தாளொட்டிய கதைக்குப் போய்விட்டார். மனைவி எழுந்து இரண்டாவது ரவுண்டு டீ போடப் போனாள். படத்தில் இன்னும் எமர்ஜென்சியே வரவில்லை.

ஒருவழியாக, எமர்ஜென்சி அறிவிக்கப்பட்ட 1975 ஜூன் 25 ராத்திரி வந்தது. பேத்தி என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு ராத்திரி நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க தாத்தா?"

"தூங்கிட்டிருந்தேம்மா."

அவள் முகம் வாடிவிட்டது. ஆனால் இதில் நான் வெட்கப்பட ஒன்றுமில்லை. மத்திய அமைச்சரவையே அப்போது தூங்கிக்கொண்டுதான் இருந்தது. ஜனாதிபதி கையெழுத்துப் போட்டு முடித்தபிறகு, காலை ஆறு மணிக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார்கள். மந்திரிகளுக்கே தெரியாதது, ஹவுராவில் மெஸ் சாப்பாடு சாப்பிட்டுப் படுத்த ஒரு குமாஸ்தாவுக்கு எப்படித் தெரியும்? முழித்துக்கொண்டிருந்தவர் எங்கள் மாநில முதல்வர் சித்தார்த்த சங்கர் ராய். தேசபந்து சித்தரஞ்சன் தாஸின் பேரன், பெரிய பாரிஸ்டர். 352-ஆவது பிரிவைக் காட்டி வழி சொன்னவரே அவர்தான். அவர் படத்தில் எத்தனை நிமிஷம் வந்தாலும் போதாது என்பது தாதாவின் தீர்ப்பு. நல்லதோ கெட்டதோ, வங்காளியின் பங்கைக் குறைத்துக் காட்டக்கூடாது.

"சரி, தலைமறைவா இருந்த சோஷலிஸ்ட் தலைவர் ஜார்ஜ் ஃபெர்னாண்டஸை கல்கத்தாவுலதானே பிடிச்சாங்க? 1976 ஜூன் 10. அதையாவது பார்த்தீங்களா?"

அன்றைக்கு நான் டிராமில் ஹவுரா பாலத்தைத் தாண்டி ஆபீஸுக்குப் போயிருப்பேன். பேப்பரில் தணிக்கை விட்டதுதான் வரும். நடந்ததில் முக்கால்வாசி எமர்ஜென்சி முடிந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. அந்தக் காலத்தில் வாழ்ந்தவனைவிட அதைப் பற்றிப் பரீட்சை எழுதுகிறவளுக்கு அதிகம் தெரியும். ஆனந்தபஜாரில் எழுதிக்கொண்டிருந்த கௌர் கிஷோர் கோஷ், எழுத்துரிமை செத்துவிட்டதென்று தலையை மொட்டையடித்துக்கொண்டு, பிறகு சிறைக்கும் போனார். நம்மிடம் தலை இருந்தது, முடியும் இருந்தது, கூடவே வேலையும் இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கல்கத்தாக்காரனுக்குப் பயம் 1975-இல் புதிதாக வரவில்லை. நான் வந்து இறங்கிய 1970-இல் நக்சலைட்டுகள் கல்லூரிச் சதுக்கத்தில் வித்யாசாகர் சிலையின் தலையை எடுத்திருந்தார்கள். அதற்குப் பதிலாகப் போலீஸ் எடுத்த தலைகள் சிலைகளுடையவை அல்ல. ராத்திரி கதவைத் தட்டினால் எந்தக் கட்சி என்று கேட்காமல் யாரும் திறக்கமாட்டார்கள். டெல்லி எமர்ஜென்சி என்று பெயர் வைத்தபோது, இங்கே பலர் "இதற்குப் பெயர்கூட உண்டா?" என்றுதான் கேட்டார்கள்.

எங்கள் குடும்பத்தில் எமர்ஜென்சியால் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர் அம்மா ஒருவர்தான். தஞ்சாவூரிலிருந்து என்னைப் பார்க்க மெட்ராஸ் மெயிலில் வந்தார். அந்த வண்டி வழக்கமாக எவ்வளவு தாமதமாக வருமோ, அந்தக் கணக்கில் குளித்துச் சாப்பிட்டு நிதானமாகக் கிளம்பினேன். ஆனால் அது இந்திராவின் இருபது அம்சத் திட்டக் காலம், ரயில்கள் நேரத்துக்கு வரத் தொடங்கியிருந்தன. அம்மா ஹவுரா ஸ்டேஷன் பெரிய கடிகாரத்தின் கீழ் அப்பள டின்னும் நார்த்தங்காய் ஜாடியுமாக, பாஷை தெரியாத ஊரில், கண்ணீரும் கம்பலையுமாக உட்கார்ந்திருந்தார். 1977 தேர்தலில் வடக்கு முழுக்க இந்திராவைத் தோற்கடித்தது, தமிழ்நாடு அவருடைய கூட்டணியின் பக்கம் நின்றது. அம்மா மட்டும் வடக்கோடு சேர்ந்துகொண்டார். இதைப் பேத்தியிடம் சொன்னேன். "இது சிலபஸ்ல இல்லை தாத்தா" என்றாள்.

படத்திலும் இல்லை. அது படத்தின் குறை என்று சொல்லமாட்டேன். அதன் குறை வேறு: அதில் எல்லாருக்கும் தாங்கள் சரித்திரத்தில் இருக்கிறோம் என்று தெரிந்திருக்கிறது. நடக்கும்போதே சிலைபோல நடக்கிறார்கள்.

எமர்ஜென்சியைப் பற்றி எனக்குத் தெரிந்த நல்ல படத்தில் இந்திராவும் இல்லை, டெல்லியும் இல்லை. சத்யஜித் ராய் குழந்தைகளுக்காக 1980-இல் எடுத்த 'ஹீரக் ராஜார் தேஷே'. வைர ராஜாவாக உத்பல் தத். பள்ளிக்கூடத்தை மூடுவான், புத்தகத்தைக் கொளுத்துவான், விருந்தாளிகள் வருமுன் ஏழைகளைக் கண்ணில் படாமல் அப்புறப்படுத்துவான். முணுமுணுப்பவர்களை ஓர் இயந்திரத்துக்குள் தள்ளி மூளையைக் கழுவி, ராஜ துதியை எதுகையோடு ஓதவைப்பான். குறைவாகப் பேசு, அதிகமாக உழை என்று எமர்ஜென்சியில் எங்கள் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்ததற்கு எதுகை மட்டும்தான் பாக்கி. அந்த நாட்டில் எதுகை இல்லாமல் பேசும் ஒரே ஆள், சௌமித்ர சாட்டர்ஜி நடித்த பள்ளி வாத்தியார். கடைசியில் ராஜாவே அந்த இயந்திரத்துக்குள் போய்வந்து, தன் சிலையின் கயிற்றை ஜனங்களோடு சேர்ந்து இழுக்கிறான்.

தாதா ஒருமுறைகூட நிறுத்தாமல் பார்த்த படம் அது ஒன்றுதான். வங்காள மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பேரன் பேத்திகளோடு பாருங்கள். அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.